தேய்த்தெடுத்த ஊர்

நாலாம் வகுப்புப் புத்தகத்தில்
எங்கள் ஊருக்கு அரைப் பக்கம்.
அதிலும் பாதியைக் கோட்டையின் படம் பிடித்துக்கொண்டது.
மீதியில்,
உப்புச் சுங்கம் வசூலிக்கப்பட்டது,
சந்தை கூட்டப்பட்டது,
எல்லை மூன்று முறை நகர்த்தப்பட்டது.
முற்றுப்புள்ளி.

"யார் நகர்த்தினார்கள் டீச்சர்?
ரொம்பக் கனமா?" என்றான் டிமோன்.

பதில் என்னிடம் இல்லை.
பத்தொன்பது தாள்களும்
ஒரு பெட்டி மெழுகுக் கரியும் இருந்தன.
போங்கள், என்றேன்,
ஊரில் எதெல்லாம் மேடுபள்ளமாய் இருக்கிறதோ
அதன்மேல் தாளை வைத்துத் தேய்த்துக் கொண்டுவாருங்கள்.
ஈரப் பெயின்ட் வேண்டாம். தண்டவாளம் வேண்டாம்.
ஒலேக், உன் தம்பியின் முதுகு வேண்டாம்.

திங்கட்கிழமை என் மேசை கறுத்துப்போனது.
யாக்னா கொண்டுவந்தது சாக்கடை மூடி:
வியன்னாவில் ஏதோ ஒரு வார்ப்பாலையின் பெயர்,
நடுவே தலை தேய்ந்த கழுகு.
அதன்மேல்தான் தினமும் ரொட்டி வண்டி நிற்கிறது.
லூத்மிலா தன் நாயின் கழுத்துவில்லையைத் தேய்த்திருந்தாள்.
அதுவும் வரலாறுதான் என்று அடம்பிடித்தாள்.
ஒப்புக்கொண்டேன்.
டிமோனுக்கு ஆற்றோரத்து எல்லைக்கல், எண் இருநூற்றுப் பதினேழு.
காற்றில் தாள் படபடக்க
காவல்காரச் சிப்பாயே ஒரு மூலையை அழுத்திப் பிடித்தானாம்,
துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு.
"கனம்தான் டீச்சர். ஆட்டிப் பார்த்துவிட்டேன்."

கடைசியாக வந்தான் கயெத்தான்.
தாள் முழுக்கக் கறுப்பு.
நடுவில் ஒரு சாண் நீளம், சாய்வாக, வெள்ளை.
ஒன்றுமே இல்லையே என்று சிரித்தது வகுப்பு.

"எங்கள் வாசல் நிலைக்கால். வலது பக்கம்.
அப்பாவின் தோள் உயரம், நாற்காலி போட்டு ஏறினேன்.
புட்டி வைத்து அடைத்து
நாலு தரம் பெயின்ட் அடித்தாயிற்று.
இருந்தும் விரலுக்குத் தெரிகிறது."

எனக்கு அது என்னவென்று தெரியும்.
மணி அடித்தது.
அடித்ததே என்று ஆறுதல் பட்டேன்,
இதை எழுதக் கூச்சமாயிருக்கிறது.

பதினோரு வருடமாய்க் குடியிருக்கும் வாடகை வீட்டின்
நிலைக்காலை அன்று மாலைதான் தடவினேன்.
வலது பக்கம். தோள் உயரம்.
அந்தச் சாய்ந்த பள்ளத்தில்தான்
ஆணி அறைந்து
நனைந்த குடையை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை புத்தகத்தைத் திறக்கவில்லை.
சொன்னேன்: அங்கே ஒரு சின்னக் கூடு இருந்தது.
உள்ளே, தோலில் எழுதிச் சுருட்டிய மறை வரிகள்.
வருகிறவர்களும் போகிறவர்களும் அதைத் தொட்டு
விரலை முத்தமிட்டுக்கொள்வார்கள்.
யூதர்கள். ஊரில் பாதிப்பேர்.
ஓர் இலையுதிர் காலத்தில், இரண்டே நாளில்,
அழைத்துச் செல்லப்பட்டார்கள்.

சொன்னதும் நானே நின்றேன்.
பட்டது, பட்டார்கள். எங்கள் புத்தகத்தின் இலக்கணம்
என் வாயிலும் ஊறிவிட்டது.
டிமோன் கையைத் தூக்குமுன் திருத்தினேன்:
நாஜிப் படை பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டது.
எந்தக் கதவு என்று கைகாட்டியவர்களில்
இந்த ஊர்க்காரர்களும் உண்டு.
சாவிகளை நம்மவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.
"அந்தச் சுருளைக் கையோடு கொண்டுபோனார்களா?"
லூத்மிலா.
தெரியவில்லை, என்றேன். உண்மையாகவே.

மறுநாள் பள்ளி வாசலில் கயெத்தானின் அப்பா,
லாரியை அணைக்காமல் இறங்கி வந்தார்.
பாடத்திட்டம், தலைமையாசிரியர், அனுமதி என்று
மூன்று வாக்கியங்களை அவசரமாகக் கோத்துக்கொண்டேன்.
அவர் தொப்பியைக் கழற்றவில்லை.
"பழைய புட்டி டீச்சர். நானே வைத்தது.
மரம் நோகாமல் எடுக்கவேண்டும்.
வெந்நீரா, உளியா?"

வரலாறு படித்தவளுக்கு அது தெரியாது.
கைத்தொழில் ஆசிரியரின் அறையைக் காட்டினேன்.

குடை இப்போது தரையில் கிடக்கிறது.
ஆணி வரமாட்டேன் என்கிறது.
கீழ்வீட்டில் குறடு கேட்டிருக்கிறேன்.